ஒன்றரை ஆள்

ஐந்தாவது மாடியில் ஈ, காக்காய்கூட இல்லை என்று திரை சொன்னது. தமயந்தி நம்பவில்லை. மதியச் சாப்பாடு முடிந்து எல்லோரும் ஏப்பம் விட்டுக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பியிருக்கும் நேரம் இது. அந்த மாடியில் பாதியைக் கணக்குப் பிரிவே அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது, அதில் ஒருவர் அவள் கழுத்தில் தாலி கட்டிய குழந்தைவேல், அத்தனை பேரும் ஒரேயடியாக எங்கே போயிருக்க முடியும், பழனிக்குப் பாதயாத்திரையா? அறை எண்களுக்கு எதிரே 'ஆளில்லை, ஆளில்லை, ஆளில்லை' என்று வரிசையாக எழுதியிருந்தது. அந்த வார்த்தையை வைத்ததே அவள்தான். அறையில் ஆள் இருக்கிறதா என்று பார்க்கும் பெட்டிகளை விற்ற கம்பெனிக்காரர்கள் 'காலி' என்று போட்டிருந்தார்கள். ஆள் காலி என்றால் நம் ஊரில் வேறு அர்த்தம், மாற்றுங்கள் என்று சண்டை பிடித்து மாற்ற வைத்தாள். அவிநாசி சாலையில் ஒன்பது மாடிக்கு நிமிர்ந்து நிற்கும் இந்த நூல் கம்பெனித் தலைமை அலுவலகத்தில் ஒவ்வொரு அறையின் கூரையிலும் உள்ளங்கையளவு வெள்ளைப் பெட்டி ஒன்று ஒட்டியிருக்கிறது. அதற்கு ஒரு கண், ஒரு மூக்கு. கண்ணுக்கு அசைவு தெரியும், முகம் தெரியாது. மூக்கு, மனிதர்கள் விட்ட மூச்சு அறைக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று மோந்து பார்க்கும். கண் 'ஆளில்லை' என்று சொல்லிவிட்டால் கொஞ்ச நேரத்தில் விளக்கும் ஏசியும் தாமாக அணைந்துவிடும். பூஜை விடுமுறைக்காகக் கையால் இயக்கும்படி மாற்றி வைத்திருந்ததைச் சாப்பாட்டுக்குப் பிறகுதான் பழையபடி தானாக ஓட விட்டாள், விட்டதும் இந்தக் கூத்து. தரைக்கடியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்து அறையில், ஜன்னல்கூட இல்லாமல் உட்கார்ந்துகொண்டு ஒன்பது மாடியின் மூச்சையும் அவள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது நினைக்க நினைக்க அவளுக்கே வேடிக்கையாகத்தான் இருக்கும். போன் அடித்தது. "மேடம், அஞ்சாவது மாடிங்க. கணக்குல எல்லாரும் இருட்டுல உக்காந்திருக்கோமுங்க. கையக் கால ஆட்டிப் பாத்தாச்சு, சேர் மேல ஏறி டான்ஸே ஆடியாச்சு, லைட் வரமாட்டேங்குது." பின்னால் நாலைந்து பேர் சிரிப்பது கேட்டது. அந்தச் சிரிப்பில் குழந்தைவேலின் சிரிப்பு இருக்கிறதா என்று அவள் காது தானாகத் தேடியது, இல்லை.

அவர் சிரித்து ஒரு மாதம் இருக்கும். சிரிக்காதது கிடக்கட்டும், பேசியே ஒரு மாதம் இருக்கும். சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் அவளுக்குக் கை வந்த கலை, அரை நாளில் முடித்துவிடுவாள். இது சண்டையில் சேராத வேறு எதுவோ. சோறு போட்டால் சாப்பிடுகிறார், தட்டைக் கழுவி வைக்கிறார், காலையில் இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் வருகிறார்கள், அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் ஏதேதோ சொல்லிக்கொண்டு வருவாள், ஹெல்மெட் முன்னும் பின்னும் ஆடும், அவ்வளவுதான். சொல்ல வேண்டியதெல்லாம் மகள் சுபிக்ஷா வழியாக வருகிறது. அப்பாவுக்கு இட்லி போதுமாம் அம்மா. அப்பா நாளைக்குச் சீக்கிரம் போகணுமாம் அம்மா. பெட்டிகளும் இப்படித்தான், யோசித்தால் சிரிப்பு வருகிறது, வராமலும் போகிறது. எந்தப் பெட்டிக்கும் தரைக்கடி வரை கேட்கும்படி கத்தத் தெம்பு கிடையாது, உள்ளே இருப்பது சின்ன பேட்டரி, பல மாதம் தாங்க வேண்டும். ஆகவே அது தூங்கும், நடுவில் விழிக்கும், காற்றை மோந்து பார்க்கும், கண்டதைப் பக்கத்து அறைப் பெட்டியின் காதில் போடும், மறுபடி தூங்கும். பக்கத்துப் பெட்டி அடுத்ததன் காதில், அது மாடிப்படியோரத்துப் பெட்டியின் காதில், இப்படியே சங்கதி இறங்கி இறங்கி இவள் திரைக்கு வந்து சேரும். நடுவில் ஒன்று செத்துப்போனால் சங்கதி வேறு வழியைத் தேடிக்கொள்ளும். எந்த வழியில் வந்தது என்றுகூட அவளால் சொல்ல முடியும், லிப்ட் சுரங்கத்தைத் தாண்ட முடியாமல் எந்த அறைச் செய்தி சுற்றிக்கொண்டு வருகிறது, தண்ணீர்த் தொட்டி எதை மறைக்கிறது, எல்லாம் அத்துபடி. முதல் தடவை ஒன்பதாவது மாடிப் பெட்டி ஒன்று இத்தனை வாய் மாறியும் ஒரு எண்கூடப் பிசகாமல் தன் சேதியைக் கொண்டுவந்து சேர்த்தபோது அவள் எழுந்து நின்று கை தட்டினாள். மனிதர்கள் வழியாக வருகிற சங்கதிதான் திரிந்துபோகிறது. அப்பாவுக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையாம் அம்மா, தூக்கமாம். யார் தூக்கம், எந்தத் தூக்கம், அந்த 'ஆம்' எங்கே சேர்ந்தது, அவர் சொன்னதா, மகளாகப் போட்டதா? நேரே கேட்டால் என்ன என்று தினமும் நினைக்கிறாள். கேட்டால் பதில் வந்துவிடுமே என்பதுதான் பயம். இன்னொருத்தி இருக்கிறாள் என்று வந்துவிட்டால்?

சரி, ஐந்தாவது மாடி. கண்கள் அத்தனையும் ஒரே நேரத்தில் எப்படிக் குருடாகும்? ஒன்று கெடும், இரண்டு கெடும், ஒரு மாடியே கெடாது. கண்ணை நம்ப முடியாவிட்டால் மூக்கை நம்பு என்று அவள் திரையை மாற்றினாள், மூச்சு மிகுந்த அறை மேலே வரும்படி அடுக்கினாள். கணக்குப் பிரிவு முதலில் வந்தது, நல்ல கும்பல் மூச்சு. ஆக, ஆள் இருக்கிறார்கள், பெட்டிக்குத்தான் தெரியவில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பூலோகமே இருண்டுவிட்டது என்றதாம். அப்போதுதான் பூனையின் கண்ணை மூடியது யார் என்று அவளுக்குச் சுரீரென்று உறைத்தது. அந்த மாடியைத் துப்புரவு செய்கிற மாராத்தாளைப் போனில் கூப்பிட்டாள். "மாராத்தாக்கா, ஆயுத பூஜைக்கு அந்த வெள்ளைப் பொட்டிக்குப் பொட்டு வெச்சீங்களா?" "ஆமாங் மேடம். நீங்கதானுங்களே சொன்னீங்க, ஒண்ணக்கூட உடாம எல்லாத்துக்கும் வைங்க, நம்ம வேலை அதுலதான் ஓடுதுன்னு. மத்த மாடிக்காரங்க ஏணி எடுக்கச் சோம்பல் பட்டுக்கிட்டு வாசப்படியோட நிறுத்திட்டாங்க. நான்தான் ஒவ்வொண்ணுக்கா ஏறி, சந்தனம் வெச்சு, குங்குமம் வெச்சு." "எந்த இடத்துல வெச்சீங்க?" "நடுவால கண்ணாட்டம் குண்டா ஒண்ணு இருக்குதுங்களே, அங்கதானுங்க. வேற எங்க வெக்கறது, பாக்கறதுக்கு நெத்தி மாதிரியே இருந்துச்சு." தமயந்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சொன்னவள் அவள்தானே. பூஜை அன்று சாயங்காலம் புதுச் சேலை, பொரிகடலை வாசம், தேங்காய் மூடி, எல்லோருக்கும் மேலே நின்று கையை வீசி உத்தரவு போட்ட குஷி. இன்ஜினியரிங் படித்தவள் கண்ணில் சந்தனம் அப்பச் சொன்னாள் என்று வெளியே தெரிந்தால் மானம் கப்பலேறும். "அக்கா, ஈரத் துணியால பதனமாத் தொடைச்சிருங்க. சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது." "இப்பவே ஏறறனுங்க." கொஞ்ச நேரத்தில் திரையில் ஒவ்வொரு வரியாக 'ஆள் உண்டு' என்று விழித்தது. கணக்குப் பிரிவிலிருந்து "லைட் வந்துருச்சுங்க" என்று போனில் கூச்சல் வந்தது. அவளுக்கு அப்படி ஒரு திருப்தி.

ஆனால் அடுக்கில் இரண்டாவதாக நின்ற அறை அசையவில்லை. ஐந்நூற்றுப் பன்னிரண்டு. அது பழைய பயிற்சி அறை. புதியது கட்டிய பிறகு பூட்டியே கிடக்கிறது, உள்ளே உடைந்த நாற்காலிகளும் ஒரு மரப் பீரோவும் இருக்கும். அதற்கு எதிரே இன்னும் 'ஆளில்லை' என்றுதான் எழுதியிருந்தது, ஆனால் மூச்சுக் கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தது. மாராத்தாளை மறுபடி கூப்பிட்டாள். "அஞ்சு பன்னெண்டைத் தொடைச்சீங்களா?" "அதுக்குப் பொட்டே வெக்கலீங்களே. பூஜை அன்னிக்குப் பூட்டியிருந்துச்சு. சாவி கணக்குப் பிரிவுல மாட்டியிருக்கும், அன்னிக்கு அங்க ஆருமில்ல." பொட்டு இல்லை, அதாவது கண் நன்றாகத்தான் இருக்கிறது. கண் நன்றாக இருந்தும் யாரையும் பார்க்கவில்லை. மூக்கு மட்டும் யாரோ மூச்சு விடுகிறார்கள் என்கிறது. அசையாமல் ஒரு ஆள், விளக்கும் இல்லாமல். யாராவது மயங்கிக் கிடக்கிறார்களா என்று ஒரு கணம் பயந்தாள். இல்லை, கோடு சீராக ஏறுகிறது, உயிருள்ள, திடமான மூச்சு. பயம் போய் அந்த இடத்தில் பழைய அரிப்பு வந்து உட்கார்ந்தது, சின்ன வயதில் ரேடியோவைப் பிரித்து உள்ளே யார் பாடுகிறார்கள் என்று பார்த்து அப்பாவிடம் அடி வாங்கினாளே, அதே அரிப்பு. யார் அது?

விரல் தானாக முந்தைய நாட்களுக்குப் போயிற்று. விடுமுறைக்கு முந்தின நாள், அதே நேரம், அதே ஏற்றம். அதற்கு முந்தின நாளும். ஆபீஸ் நாட்களில் எல்லாம் உண்டு, ஞாயிற்றுக்கிழமை கிடையாது. ஒவ்வொரு தடவையும் கண் ஒரு நிமிஷம் 'ஆள் உண்டு' என்கிறது, யாரோ கதவைத் திறந்து நுழைகிறார்கள், பிறகு 'ஆளில்லை', பீரோவுக்குப் பின்னால் போய்விடுகிறார்களோ என்னவோ, கோடு மட்டும் ஏறுகிறது, கடைசியில் மறுபடி ஒரு நிமிஷம் 'ஆள் உண்டு', போய்விடுகிறார்கள். இத்தனை நாள் இது இங்கேயே, அவள் மூக்குக்கு நேரே இருந்திருக்கிறது. பெட்டி குறை சொன்னால்தான் அவள் பார்ப்பாள், பெட்டி குறை சொல்லவில்லை. பின்னோக்கிப் போய்ப் போய் எங்கே ஆரம்பிக்கிறது என்று பார்த்தாள். ஒரு மாதத்துக்கு முன் ஆரம்பிக்கிறது. அந்த இடத்தில் அவள் நினைப்பு முள்ளில் சேலை மாட்டியது போல நின்றது. ஒரு மாதம். சாவி கணக்குப் பிரிவில். சே, என்ன புத்தி இது, அந்தப் பிரிவில் நாற்பது பேர், எவரோ குட்டித் தூக்கம் போடுகிறார், போட்டுவிட்டுப் போகட்டும். ஆனால் கோடு ஏறுகிற வேகம்? அறையின் நீள அகலம் தெரியும், ஒரு ஆள் சும்மா உட்கார்ந்திருந்தால் எவ்வளவு வேகத்தில் ஏறும் என்றும் தெரியும், வகுத்துப் பார்த்தால் தலை எண்ணிக்கை வந்துவிடும், இது அவளே கண்டுபிடித்து மேலதிகாரிகளிடம் பாராட்டு வாங்கிய கணக்கு. வகுத்தாள். ஒன்றரை வந்தது. மறுபடி வகுத்தாள். விடுமுறைக்கு முந்தின நாள் கோட்டை எடுத்து வகுத்தாள், அதற்கு முந்தின நாள் கோட்டையும். ஒன்றரைதான். ஒன்று என்றால் தூக்கம். இரண்டு என்றால், இரண்டு என்றால் வேறு. ஒன்றரை என்றால் என்ன? அரை ஆள் யார்? குழந்தையா? பச்சைக் குழந்தையை யாராவது ஒளித்து எடுத்துவந்து பால் கொடுக்கிறார்களா, பாவம், அப்படி இருந்தால் நல்லதாயிற்றே. அல்லது ஒல்லியாக, சின்ன உருவமாக, மூச்சு விடுவதே தெரியாமல் ஒருத்தி. கணக்குப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த பெண் அப்படித்தான் இருப்பாள், லிப்டில் பார்த்திருக்கிறாள், சிட்டுக்குருவி மாதிரி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள், இங்கே இருண்டிருப்பது ஐந்நூற்றுப் பன்னிரண்டு.

இதை நீ பார்க்கலாமா, தமயந்தி? பெட்டிகளை ஒட்டிய புதிதில் தொழிற்சங்கக்காரர்கள் கூட்டம் போட்டு அவளை மேடையில் ஏற்றினார்கள். இது கேமராதானே, எங்களை வேவு பார்க்கத்தானே என்று ஒரே இரைச்சல். அவள் மைக்கைப் பிடித்து, "இது அறையைப் பாக்கும், ஆளைப் பாக்காது. நீங்க யாருன்னு இதுக்குத் தெரியவும் தெரியாது, தெரிஞ்சுக்கவும் நான் விடமாட்டேன், இது என் வாக்கு" என்றாள். கை தட்டினார்கள். கடைசி வரிசையில் குழந்தைவேலும் தட்டினார், வீட்டுக்குப் போகும்போது வண்டியை மெதுவாக ஓட்டிக்கொண்டு, நல்லாப் பேசினே என்றார். அப்படிப் பேசியவள் இப்போது புருஷனை மோப்பம் பிடிக்கிறாள். ஊருக்குத்தான் உபதேசம். வெட்கமாக இருந்தது, ஆனால் விரல் நிற்கவில்லை, கணக்குப் பிரிவு எண்ணைச் சுற்றிவிட்டது. "சாருங்களா? சாப்பிட்டதும் நடக்கப் போவாருங்க மேடம். இப்பக் கொஞ்ச நாளா டெய்லி போறாரு. பிரிவுத் தலைவர் ஆனதுலருந்து உடம்பப் பாத்துக்கறாரு போல." வெளியே வெயில் மண்டையைப் பிளக்கிறது, யார் நடப்பார்கள்? அவருக்கு நடக்கவே பிடிக்காது, தெருமுனைக் கடைக்குக்கூட வண்டி வேண்டும். "அந்தப் புதுப் பொண்ணு இருக்குதுங்களா?" என்று கேட்க நாக்கு நுனி வரை வந்தது. கேட்காமல் வைத்துவிட்டாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டின் விளக்கை இங்கிருந்தே போட முடியும், ஒரே ஒரு சொடுக்கு. போட்டால் இரண்டு பேரும் திடுக்கிட்டு எழுந்து ஓடுவார்கள், கண் ஓட்டத்தைப் பார்க்கும், 'ஆள் உண்டு' என்று சொல்லும், ஆனால் எத்தனை பேர் ஓடினார்கள் என்று சொல்லாது. இரண்டு பேரா? ஒன்றரை என்றுதானே வந்தது. இரண்டு என்று எப்போது முடிவு செய்தாள்? அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு மறுபடி அந்த அரையைப் பிடித்துக்கொண்டாள், அரைக்கு விடை தெரியாமல் அழக்கூடாது.

முன்பும் ஒரு தடவை ஒன்றரை வந்திருக்கிறது. எப்போது? கணக்கைச் சரிபார்க்க ஆள் ஒருவரை மூடின அறைக்குள் சும்மா உட்கார வைத்தாளே, அப்போது. மாராத்தாள்தான் உட்கார்ந்தாள், சும்மா உட்காரச் சம்பளமா என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டு. பாதி நேரம் கோடு ஒன்று என்றது, பிறகு திடீரென்று ஒன்றரை ஆயிற்று. கூட யாரை உள்ளே விட்டீர்கள் என்று போய்க் கேட்டதற்கு, ஆருமில்லீங், எம் மவ போன் பண்ணுச்சு, பேசிட்டிருந்தேன் என்றாள். பேசினால் மூச்சு அதிகம் செலவாகும். சும்மா இருக்கிறவனைவிடப் பேசுகிறவன் காற்றை அதிகம் கெடுப்பான் என்று அன்றைக்கு அவளே ஜோக் அடித்தாள். ஆக, ஒன்றரை ஆள் என்றால் இரண்டாவது ஆள் இல்லை. ஒரே ஆள், வாய் ஓயாமல் பேசுகிறார். தமயந்தி ஒரு வினாடி லேசாகிப்போனாள், மறு வினாடியே கனத்தாள். வீட்டில் ஒரு மாதமாக வாயைத் திறக்காத மனுஷன் இருட்டறையில் உட்கார்ந்து யாரிடம் அத்தனை பேசுகிறார்? போனில் எவளிடம்? பெட்டிக்குக் காது கிடையாது. சுவருக்கும் காது உண்டு என்பது பழைய காலம், இவள் ஒட்டிய பெட்டிக்குக் கிடையாது, வேண்டாம் என்று சொன்னவளும் அவளே. திரையை அணைத்தாள். இனி இதைக் கேட்டுப் பிரயோஜனமில்லை. பெண்டாட்டியாக எழுந்து நடந்து போய்க் கதவைத் தட்டமாட்டேன் என்று அவள் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. லிப்டில் ஏறினாள். மனசு மட்டும் வேகமாக முன்னே போய், கதவைத் திறந்து, ஒவ்வொரு முகமாக வைத்துப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது. விடிந்தால் சுபிக்ஷாவுக்குப் பரீட்சைக் கட்டணம், அத்தைக்குக் கண் ஆஸ்பத்திரி, இதற்கெல்லாம் நடுவில் குடும்பம் உடைகிறதென்றால் எந்த நேரத்தில் உடையும் என்றுகூட யோசித்தாள்.

ஐந்தாவது மாடி நடையில் மாராத்தாள் ஏணியைச் சாத்திவிட்டுச் சந்தனத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தாள். "எல்லாம் ஆச்சுங் மேடம்" என்றாள். தமயந்தி தலையாட்டிவிட்டு நடை கடைசிக்குப் போனாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டின் கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. உள்ளே குரல் கேட்டது. குழந்தைவேல்தான், அவர் குரல், ஆனால் அவர் குரலில்லை. "வ... வ... வணக்கம். இ... இந்த மாசக் க... க..." நின்றது. மூச்சை இழுத்தது. மறுபடி முதலிலிருந்து வந்தது. போனில் பேசுகிறவர்கள் இப்படிப் பேச மாட்டார்கள், எதிரில் ஆளை வைத்துக்கொண்டும் பேச மாட்டார்கள். ஒரே சொல்லை அவர் திரும்பத் திரும்பத் தள்ளிக்கொண்டிருந்தார், அது நகரமாட்டேன் என்றது. கல்யாணமான புதிதில் அத்தை அடுக்களையில் வைத்து, எம் பையன் பேச ரோசனை பண்ணுவான் கண்ணு, சின்னதுல நாக்குக் கட்டியிருந்துச்சு, வைத்தியம் பாத்துச் சரியாயிருச்சு, அவசரப்படுத்தாத என்று சொன்னது இத்தனை வருஷம் கழித்து இப்போது வந்து காதில் விழுந்தது. கூச்சக்காரர் என்கிறார்கள் என்றுதான் அன்றைக்கு எடுத்துக்கொண்டாள். பிரிவுத் தலைவர் பதவி. திங்கட்கிழமை தோறும் எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று படிக்க வேண்டும். அதுதான் ஒரு மாதமா? அதற்குத்தான் வீட்டில் இட்லி போதும் என்பதைக்கூட மகளிடம் ஜாடையில் சொல்லி அனுப்பினாரா, பாவி மனுஷன், நான் கேட்டுச் சிரித்துவிடுவேன் என்றா நினைத்தார்? கோபம் வந்தது, கோபத்தை முந்திக்கொண்டு அவர் மேல் அப்படி ஒரு ஆசை பொங்கியது. உள்ளே குரல் மாறியது. இப்போது கூட்டத்துக்குச் சொல்கிற குரல் இல்லை, தணிந்த குரல். "உங்கிட்ட ஒ... ஒண்ணு சொல்லோணும். எ... எனக்குப் பழையபடி தி... திக்குது. கோவமெல்லாம் இ... இல்ல. உம் பேரே வ... வரமாட்டேங்குது, அ... அதான் பேசறதில்ல." பிறகு, "த..." என்றார். "த... த..." அந்த முதல் எழுத்திலேயே நின்றார். விட்டார். மறுபடி பிடித்தார். "த..." அவள் கை கைப்பிடியின் மேல் இருந்தது. மீதியை எடுத்துக் கொடுத்துவிட நாக்கு துடித்தது, தன் பெயர்தானே, எத்தனை சுலபம், ஆனால் கூடாது என்று எப்படியோ தெரிந்தது. மாராத்தாள் தூரத்தில் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். தமயந்தி அசையாமல் நின்றாள். அவர் நிறுத்தினார், மூச்சை இழுத்தார், மறுபடி ஆரம்பித்தார், நிறுத்தினார், ஆரம்பித்தார். "த... தம... தமயந்தி" என்றார்.

அவள் கதவைத் தள்ளித் திறந்தாள். "என்னுங்க?" என்றாள்.